கீழ் இடது மூலை

போன மாதம் ரம்யா போன் செய்தார். ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு அரசியல் படம் எடுக்கிறவர். நான் ஓய்வு பெற்ற வருஷம் வேலைக்குச் சேர்ந்தார். பெங்களூர் பத்திரிகைப் போட்டோகிராபர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். அதில் என்னுடைய ரிசார்ட் படத்தை நான்கு அடி அகலத்தில் மாட்டப் போகிறார்கள். கண்காட்சி மலருக்கு அந்தப் படத்தைப் பற்றி நான் எழுதித் தர வேண்டும் என்றார். சரி என்றேன். போனை வைக்கிற நேரத்தில் இன்னொன்று கேட்டார்.

“சார், ஒரே டவுட். கீழ லெஃப்ட் கார்னர்ல நீலமா ஏதோ மங்கலா இருக்கு. பெரிசு பண்ணா கண்ண உறுத்துது. கிளீன் பண்ணிடட்டுமா?”

ஒருவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவரைப் போய்க் கேட்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. என் வீடு தொம்மலூர். அவர் இருப்பது காக்ஸ் டவுன். தூரம் காரணமில்லை.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாம் வகுப்பில் பாதி வருஷம் போனேன். பிறகு ஒரு லாரியில் ஏறி ஹூப்ளி வரை போய்விட்டேன். இரண்டு வருஷம் கிளீனர். அப்புறம் கோவாவில் தட்டு கழுவினேன், மைசூரில் சுற்றுலா வருகிறவர்களை அரண்மனை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தேன். பிளாட்பாரத்தில் தூங்கிய நாட்களை எண்ணவில்லை. தூக்கம் வந்தது, அது போதும். பெங்களூர் திரும்பி சிவாஜிநகரில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படங்களைக் காயவைக்கும் வேலை. அங்கிருந்து ஒரு பத்திரிகையின் படம் கழுவும் இருட்டறை. அப்போது எனக்கு எழுதத் தமிழும், பேசக் கன்னடமும், திட்டு வாங்க ஆங்கிலமும் தெரியும். கன்னடம் படிக்கக் கற்றது பஸ் போர்டிலும் கட்சிச் சுவரொட்டியிலும்தான். எந்த வேலையிலும் ஆறு மாதம் நிற்காத நான் இதில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றேன். இதில் யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

இருட்டறையிலிருந்து என்னை வெளியே அனுப்பியவர் பெனடிக்ட் சார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், எங்கள் போட்டோ பிரிவுக்குத் தலைவர். தினமும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பென்சில். கோபப்பட்டால் குரல் இறங்கும். அவர் மிகவும் மெதுவாகப் பேசினால் நாங்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வோம்.

அவரிடம் படம் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. பிரிண்ட்டை மேஜை மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். அவர் அதைத் திருப்ப மாட்டார். “கண்ண மூடு. மூலைய சொல்லு” என்பார். மேல் இடது மூலையில் என்ன இருக்கிறது, மேல் வலது, கீழ் வலது, கீழ் இடது. எடுத்தவன் கண்ணை மூடிக்கொண்டு நான்கையும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் திருப்பிப் பார்ப்பார். சொல்லாவிட்டால் அந்தப் படம் அன்றைக்கு அச்சாகாது. நடுவில் இருக்கிற மந்திரியை எவன் வேண்டுமானாலும் பார்ப்பான், மூலையைப் பார்க்கத்தான் உனக்குச் சம்பளம் என்பது அவர் கட்சி.

வெளியே போக ஆரம்பித்த முதல் மாதம். ஒரு மந்திரி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பை கொடுக்கிறார். மந்திரியின் சிரிப்பு, பிள்ளையின் சிரிப்பு, இரண்டும் கூர்மையாக விழுந்திருந்தன. கண்ணை மூடினேன். மூன்று மூலை சொன்னேன். மேல் வலது மூலையில் கூட்டம் என்றேன்.

“கூட்டம் என்ன பண்ணுது?”

“நிக்குது சார்.”

அவர் பிரிண்ட்டைத் திருப்பிப் பூதக்கண்ணாடியை வைத்தார். பிறகு என்னைக் குனியச் சொன்னார். மேல் வலது மூலையில் ஒரு கிழவனை இரண்டு போலீஸ்காரர்கள் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கிழவனின் கையில் ஒரு மனு. அது கசங்கியிருப்பதுகூடத் தெரிகிறது. நான் அங்கே நின்றிருந்தேன், என் கண்ணுக்குப் பத்தடி தூரத்தில் நடந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. என் கேமரா பார்த்திருக்கிறது. சார் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டு மந்திரியை வெட்டி எறிந்தார். மூலையை மட்டும் பெரிதாக்கி முதல் பக்கத்தில் போட்டார்கள். என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது அன்றுதான், நான் எடுக்காத படத்துக்கு.

அதற்குப் பிறகு மூலையை மறந்ததில்லை. டவுன் ஹால் முன்னால் தடியடியில் இரண்டு பல் போனபோதுகூட அன்றைய படத்தின் நான்கு மூலையையும் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சொன்னேன். காவிரித் தகராறு நாட்களில் தெருவில் தமிழ் பேசாமல், பெயர் தெரியும் கழுத்து அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு படம் எடுத்தேன். அதெல்லாம் வேலை. எல்லோரும் செய்தார்கள்.

ரிசார்ட்டுக்கு வருகிறேன்.

ஆட்சி ஆடிக்கொண்டிருந்த ஒரு வாரம். அடுத்த திங்கட்கிழமை சட்டசபையில் நம்பிக்கை ஓட்டு. எங்கள் ஊரில் அப்படி ஒரு நாள் வந்தால் அதற்கு முன்னால் எம்.எல்.ஏ.க்களை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே ரிசார்ட்டில் வைப்பது வழக்கம். இன்னொரு கட்சி இழுத்துவிடக் கூடாது என்று போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நாங்கள் கேட்டுக்கு வெளியே நிற்போம். அந்த முறை இருபதுக்கு மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஈரண்ணா. வடக்கே வறண்ட தாலுகாவிலிருந்து முதன்முறை ஜெயித்தவர், சர்க்கரை நோயாளி. அவருடைய மனைவி பெங்களூர் வந்து, தன் கணவரைக் கட்டாயப்படுத்தித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வக்கீல் வைத்துக் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தார். கட்சிக்காரர்கள் பதிலுக்கு ஒரு வீடியோ வெளியிட்டார்கள். அதில் ஈரண்ணா நாற்காலியில் உட்கார்ந்து, நான் என் விருப்பப்படி சந்தோஷமாக இருக்கிறேன் என்று சிரித்தபடி சொன்னார். அந்த அம்மாள் நம்பவில்லை. மூன்று நாளாகக் கேட்டுக்கு எதிரே ஒரு துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். பையில் இன்சுலின் இருந்தது. வெயிலில் கெட்டுவிடக் கூடாது என்று டீக்கடையில் ஐஸ் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த டீக்கடையில்தான் முனிரத்னத்தைப் பார்த்தேன். நான் வீட்டுக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் சோப்பில் வெளுத்திருந்தது.

“இன்னா சார், நம்ம பாஷையா?”

ஆம்பூர் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. ரிசார்ட்டில் பதினொரு வருஷமாக வேலை. துணி அறை முழுக்க அவர் பொறுப்பு. சில்லறைத் துணிகளை அங்கேயே துவைத்துவிட்டு, மீதி அழுக்குத் துணியை மூட்டை கட்டிச் சின்ன கூட்ஸ் வண்டியில் ஊருக்குள் ஒரு பெரிய லாண்டரிக்கு ஓட்டிக்கொண்டு போவார், வெளுத்த துணியைக் கொண்டு வருவார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். ஒன்பதாம் நம்பர் காட்டேஜின் தலையணை உறைக்குள் இருந்ததாம். கன்னடத்தில் எழுதியிருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியாது, யாரிடம் காட்டுவது என்றும் தெரியவில்லை என்றார். நான் சுவரொட்டி படிக்கிற வேகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் மனைவியிடம் சொல்லுங்கள், வீடியோவில் பேசுவது நான் இல்லை, அவ்வளவுதான்.

காகிதத்தை அந்த அம்மாளிடம் கொடுத்தோம். அவர் வக்கீலுக்குப் போன் செய்தார். கையெழுத்தைப் பொய் என்று சொல்லிவிடுவார்கள், இது மட்டும் போதாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் அழவில்லை. பையிலிருந்த ஐஸ் கரைந்து புடவை நனைந்திருந்தது, அதைப் பிழிந்துகொண்டே என்னுடைய கேமராவைப் பார்த்தார். முனிரத்னமும் பார்த்தார்.

“என் ஜன்னல்லேர்ந்து பாத்தா ஒம்போதாம் நம்பர் பின்னால வராண்டா தெரியும் சார்” என்றார். “தினம் நாலு மணிக்கு அவர வெளிய கொணாந்து ஒக்கார வெப்பாங்க. வீடியோ புடிக்க.”

சொல்லிவிட்டுக் கடைக்காரர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சொன்னதை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். யார் உள்ளே விட்டது என்று எந்த ஜென்மத்திலும் வெளியே வரக் கூடாது. வராது என்றேன். எங்கள் தொழிலில் அது சத்தியம். கதவு திறந்து விட்டவன் பெயரைச் சொல்கிறவனுக்கு அடுத்த கதவு திறக்காது.

மறுநாள், புதன்கிழமை, லாண்டரியின் பின்கட்டில் வண்டியில் ஏறிப் படுத்தேன். மேலே வெளுத்த விரிப்புகளை அடுக்கினார். கேமராவை வயிற்றில் கட்டியிருந்தேன். கேட்டில் வண்டி நின்றது. காவலாளி தடியால் கட்டுகளைக் குத்திப் பார்ப்பான் என்று முனிரத்னம் முன்பே சொல்லியிருந்தார். மூன்றாவது குத்து என் விலாவில் விழுந்தது. மூச்சை விடவில்லை. முனிரத்னம் வெளியே அவனிடம், வெளுத்த துணியில் அழுக்குத் தடியை வைக்கிறாயே, மேனேஜர் என்னைத்தான் கேட்பார் என்று கன்னடத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது.

துணி அறையில் ஒரே ஒரு ஜன்னல். கொசுவலை அடித்திருந்தார்கள். வலையின் கீழ்ப்பக்கம் எலி கடித்துக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலை முனிரத்னம் நீல நைலான் கயிற்றால் தைத்து முடிச்சுப் போட்டிருந்தார். வலை வழியாக எடுத்தால் படம் புகைமூட்டமாக விழும். அவரே தையலைப் பாதி பிரித்துக் கொடுத்தார். லென்ஸை நுழைத்தேன். மீதிக் கயிறு லென்ஸின் ஓரத்தில் தொங்கியது. அதை ஒதுக்கக் கையை நீட்டிய நேரத்தில் வராண்டாவில் கதவு திறந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

ஈரண்ணாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒருவன் எதிரே நின்று போனை நீட்டிப் பிடித்தான். இன்னொருவன் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, போனில் விழாதபடி, அவருடைய சட்டைக் காலரைப் பின்பக்கமாக முறுக்கிப் பிடித்தான். முறுக்கினான், ஈரண்ணா சிரித்தார். தளர்த்தினான், பேசினார். வீடியோவில் தெரிந்த சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. பதினேழு முறை அழுத்தினேன். என் பின்னால் முனிரத்னம் துணி துவைக்கும் மெஷினைக் காலியாக ஓட விட்டு நின்றார், சத்தம் கேட்கக் கூடாது என்று.

வெளியே வந்தது இன்னும் மோசம். அழுக்குத் துணி மூட்டைக்குள் என்னை உட்கார வைத்து மூட்டையின் வாயைக் கட்டி, டிராலியில் தள்ளி வண்டியில் ஏற்றினார். இரண்டு தடவை சறுக்கியது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துத் தூக்கினார். அந்த இடத்தில் ஒரு கண்காணிப்புக் கேமரா இருந்தது இருவருக்கும் தெரியாது.

ஆபீசில் எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள். அப்போது எல்லாமே டிஜிட்டல், ஆனாலும் பெனடிக்ட் சார் ஒரு பிரதியைக் காகிதத்தில் எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அவர் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. கண்ணை மூடச் சொன்னார். மூன்று மூலை சொன்னேன்.

“கீழ இடது?”

“கயிறு சார். மங்கலாத்தான் தெரியும்.”

“என்ன கயிறு?”

“நீலக் கயிறு. ஜன்னல் வலைய கட்டினது.”

“யாரு ஜன்னல்?”

நான் கண்ணைத் திறந்தேன். சார் காகிதத்தைத் திருப்பினார். சிவப்புப் பென்சிலை எடுத்து, கீழிருந்து ஒரு விரல் அகலம் விட்டு நேராக ஒரு கோடு போட்டார். “வெட்டிடு” என்றார். குரல் இறங்கியிருந்தது.

நான் மறுத்தேன். வெட்டினால், ஓரத்தை மறைத்து ஜோடித்த படம் என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள், முழுப் படமாகப் போட்டால்தான் நம்புவார்கள் என்றேன். யாராவது கேட்டால் காட்ட ஒரிஜினல் கேமரா கார்டில் இருக்கிறதே என்றார் சார். இருந்தும் வாதாடினேன். ஆசிரியர் வந்தார், முழுப் படம்தான் பலம் என்று என் பக்கம் சேர்ந்தார். சார் பென்சிலைப் பையில் வைத்தார்.

“உன் மூலை. நீயே பாத்துக்கோ.”

இத்தனை வருஷம் கழித்து இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு படம் விழுந்ததில்லை. அதிலிருந்து ஒரு விரல் அகலம்கூடக் குறைய எனக்கு மனசில்லை. மங்கலான ஒரு நீலத்தை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஜோடித்த படம் என்பார்கள் என்ற வாதத்தை வாய் திறந்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

வியாழக்கிழமை காலை ஊரே அந்தப் படத்தைப் பார்த்தது. ரிசார்ட் மேனேஜரும் பார்த்தார். விருந்தாளிகள் கண்ணில் படும்படி இந்தப் பிச்சைக்காரக் கயிறு எதற்கு என்று அவர் முனிரத்னத்தை ஏற்கெனவே இரண்டு முறை திட்டியிருக்கிறார். அந்த நீலத்தை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பதினொரு மணிக்கு முனிரத்னத்தின் போன் அணைந்துவிட்டது. நான் கேட்டுக்கு ஓடினேன். வண்டி உள்ளே நின்றது, அவர் இல்லை. காவலாளி என் முகத்தைப் பார்க்காமல், துணிக்காரனை ஆபீஸ் ரூமில் வைத்திருக்கிறார்கள் என்றான். சாயங்காலம் வரை கேட்டில் நின்றேன். ஐந்து மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. பின்சீட்டில் முனிரத்னம். உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தார், தெரிந்தவன் மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

போட்ட கேஸ் திருட்டு. கண்காணிப்புக் கேமராவில் அவர் கனமான ஒரு மூட்டையைத் தள்ளாடித் தள்ளாடி வண்டியில் ஏற்றுவது தெரிந்தது. அழுக்குத் துணி அவ்வளவு கனக்காது, ரிசார்ட் சாமான்களைத் திருடிக் கொண்டுபோனான் என்று புகார். என்னை உள்ளே விட்டதாகக் கேஸ் போட்டால் வராண்டாவில் நடந்ததையும் பேச வேண்டி வரும். அதனால் திருட்டு.

இதற்கு நடுவே வெள்ளிக்கிழமை கோர்ட் உத்தரவில் ஈரண்ணாவை வெளியே கொண்டு வந்தார்கள். மனைவியோடு அனுப்பினார்கள். திங்கட்கிழமை அவர் சட்டசபைக்கு வந்து, தன்னை அடைத்து வைத்த கட்சிக்கே ஓட்டுப் போட்டார். படியில் நின்று எங்கள் மைக்குகளிடம், அந்தப் படம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, என் நண்பர் என் காலரைச் சரி செய்தார் என்றார். நான் அதையும் படம் எடுத்தேன், அது என் வேலை. அவர் மனைவி கூட்டத்தின் ஓரத்தில் என்னிடம் வந்து, அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள், நாங்கள் அந்த ஊரில்தான் பிழைக்க வேண்டும் என்று கன்னடத்தில் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு வேண்டியது ஆள் உயிரோடு திரும்புவது. ஆள் திரும்பிவிட்டார். முனிரத்னத்துக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார்.

ஆக, முனிரத்னத்தைத் திருடன் இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தான். மூட்டைக்குள் உட்கார்ந்திருந்தவன். நான் வாய் திறந்தால் அத்துமீறி நுழைந்ததை ஒப்புக்கொள்கிறேன், சட்டசபைக்குள் போகிற அரசு அட்டை போய்விடும். அதைவிட, கதவு திறந்தவனின் பெயரைக் கோர்ட்டில் சொன்னவன் ஆகிறேன். நிர்வாகம் கூடாது என்றது. நீ பேசினால் இனிமேல் நம் ஆள் எவனையும் எவனும் உள்ளே விட மாட்டான் என்றார் ஆசிரியர். அது பொய்யில்லை.

பெனடிக்ட் சாரிடம் போனேன். கோர்ட்டில் சொல்லலாமா என்று கேட்டேன்.

“பேர சொல்லக் கூடாதுங்கறது ரூல்தான், செல்வம்” என்றார். “ஆனா நீ ஏற்கெனவே சொல்லிட்டியே. முதல் பக்கத்துல, நாலு கலர்ல.”

ஜாமீனில் வந்திருந்த முனிரத்னத்தை காக்ஸ் டவுனில் அவருடைய மச்சான் வீட்டில் பார்த்தேன். சொல்லட்டுமா என்று கேட்டேன். “வேல போச்சு, போவட்டும். அடிச்சாங்க, அதுவும் போவட்டும்” என்றார். “திருடன்னு மட்டும் வேணாம் சார். பதினோரு வருஷம் அவங்க துணியத்தான் தொவச்சேன். ஒரு கைக்குட்ட எடுத்தது கெடயாது.”

சாட்சிக் கூண்டில் ஏற ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் இரண்டு முறை வீட்டுக்கு ஆள் வந்தார்கள். ஒரு முறை நல்லபடியாகப் பேசினார்கள். இன்னொரு முறை என் மகள் படிக்கிற காலேஜ் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். என் மனைவி அந்த வருஷம் முழுக்க மகளைத் தனியாக பஸ் ஏற விடவில்லை. கோர்ட்டில் அந்தக் காட்சியைத் திரையில் ஓட விட்டார்கள். முனிரத்னம் மூட்டையைத் தூக்குகிறார், சறுக்குகிறது, மறுபடி தூக்குகிறார். அவருடைய வக்கீல் என்னிடம் திரும்பி, அந்த மூட்டையில் என்ன இருந்தது என்று கேட்டார்.

“நான் இருந்தேன்” என்றேன்.

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். யார் அழைத்துப் போனார், எந்த வழி, எந்த ஜன்னல், என்ன பார்த்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்று எடுத்த பதினேழு படத்தின் நேரமும் அந்தக் காட்சியின் நேரமும் பொருந்தின. திருட்டுக் கேஸ் தள்ளுபடியானது. என் மீது அத்துமீறல் கேஸ், அபராதத்தோடு முடிந்தது. அரசு அட்டை புதுப்பிக்கப்படவில்லை. வேலையில் கடைசி ஆறு வருஷம் நான் சட்டசபைக் கட்டடமான விதான சௌதாவுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. எதிரே நடைபாதையில் நின்று, காரில் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எடுத்தேன். ஆசிரியர் பயந்தபடி, என்னைக் கண்டால் டீ வாங்கிக் கொடுக்கிறவர்கள்கூடக் கதவைத் திறக்கவில்லை.

தீர்ப்பு வந்த வாரம் பெனடிக்ட் சார் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் ஓய்வு பெற்று ஒரு வருஷம் தாண்டியிருந்தது. சுருட்டிய ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அன்றைக்குச் சிவப்புக் கோடு போட்ட பிரதி. சார் காலமாகி நாலு வருஷம் ஆகிறது.

முனிரத்னத்தை அதற்குப் பிறகு எந்த ஓட்டலும் ரிசார்ட்டும் வேலைக்கு எடுக்கவில்லை. காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பக்கத்துச் சந்தில் இஸ்திரி வண்டி போட்டார். அதிலேயே குடும்பம் நடத்தினார். மாதம் ஒருமுறையாவது போவேன். டீ வாங்கிக் கொடுப்பார். எனக்காகக் கூண்டில் ஏறி அட்டையைத் தொலைத்தவர் என்று வருகிறவர்களிடம் என்னைச் சொல்லுவார். அதைக் கேட்டுக்கொண்டு டீயைக் குடிப்பேன். கயிறு படத்தில் விழுந்தது தெரியாமல் நடந்துவிட்டது என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். பெனடிக்ட் சார் வெட்டச் சொன்னதைச் சொல்லவில்லை.

ரம்யா போன் செய்த பன்னிரண்டாவது நாள் காலை, சார் கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். முனிரத்னம் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார். கண்காட்சியைச் சொன்னேன். நான்கு அடி என்றதும் கையால் அளந்து பார்த்துச் சிரித்தார். நான் காகிதத்தை வண்டி மேல் விரித்தேன். சிவப்புக் கோட்டைக் காட்டினேன். யார் போட்டது, எப்போது போட்டது, நான் என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கோர்ட்டில் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தார். கோட்டுக்குக் கீழே இருக்கும் நீலத்தைப் பார்த்தார். ஒரு பெண் துணி மூட்டையோடு வந்து, அண்ணா, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றாள். தலையாட்டினார். அவள் போனாள்.

“அப்போ, அந்த சார் வெட்டச் சொன்னாரு.”

“ஆமா.”

“நீங்க வேணாம்னீங்க.”

“ஆமா.”

பெட்டியை எடுத்தார். சட்டையின் முதுகைத் தேய்த்தார், இரண்டு கைகளையும் தேய்த்தார், காலரைத் திருப்பிப் போட்டு உள்பக்கமும் தேய்த்தார். மடித்து வைத்தார். அதற்கு எவ்வளவு நேரம் ஆனதோ, நான் நின்றுகொண்டிருந்தேன்.

“இப்போ வெட்டுங்க” என்றார்.

அன்று டீ சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்தே ரம்யாவுக்குப் போன் செய்தேன். கிளீன் பண்ண வேண்டாம், வெட்டுங்கள் என்றேன். எந்த இடம் வரைக்கும் சார் என்று கேட்டார். கோடு போட்ட ஒரு காகிதம் இருக்கிறது, கொண்டு வந்து தருகிறேன், அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள் என்றேன்.